ஒரு திருக்கை, இரண்டு தூண்டில்

இப்போதெல்லாம் கரையில் எவனாவது "கீழே!" என்று கத்தினால், பக்கத்தில் நிற்கிறவன் முதலில் பைக்குள் கையை விட்டுப் போனைத்தான் எடுக்கிறான். படம் பிடிக்கிறானாம். மீன் அலையில் புரண்டு, கல்லோடு கல்லாக உருண்டு, தூண்டில் நரம்பு அறுந்து போகிறவரைக்கும் பிடிக்கிறான். அப்புறம் கிட்டே வந்து, "அடடா, போயிருச்சே தாத்தா" என்று துக்கம் விசாரிக்கிறான். நான் உனக்குத் தாத்தா இல்லை. நீ இறங்கியிருந்தால் அது போயிருக்காது.

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிற எங்கள் செசில் கரை மணல் கரை இல்லை. பதினெட்டு மைலுக்குக் கூழாங்கல் மேடு. வீட்டுக் கூரை மாதிரிச் சரிந்து நேரே கடலுக்குள் இறங்குகிறது. காலடியிலேயே ஆள் ஆழம். அலை வந்து மோதுவதைவிட அது திரும்பிப் போவதுதான் பொல்லாதது. லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தத்தோடு கல்லையெல்லாம் வாரிக்கொண்டு போகும். பெரிய மீன் அந்த இழுவையில் அகப்பட்டால் நாலு மீன் கனம் கனக்கும். தனியாள் மல்லுக்கட்டினால் நரம்பு அறும். அதனால்தான் "கீழே!" என்கிற கூப்பாடு. அது காதில் விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இரண்டு அலைக்கு நடுவே இறங்கி, மீனைப் பிடித்து மேலே எறிய வேண்டும். கூப்பிட்டவன் யாராக இருந்தாலும் சரி, கடன்காரனாக இருந்தாலும் சரி, சம்பந்தியாக இருந்தாலும் சரி. இது எழுதாத சட்டம்.

எழுதின சட்டமும் ஒன்று இருக்கிறது. எங்கள் தூண்டில் சங்கத்துப் புத்தகத்தில் ஏழாவது. மீன் காய்ந்த கல்லுக்கு வந்து சேருகிறவரை தூண்டில் கம்பு யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் மீன். நடுவில் கையை விட்டால் உரிமை போச்சு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான். ஒருத்தன் மீனை மாட்டிவிட்டு, கம்பை மல்யுத்தக்காரன் மாதிரி இருந்த மச்சான் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லி, தன் பேரில் எழுதிக்கொண்டான். நான் கூட்டத்தில் மேஜையைக் குத்திப் பேசி ஏழாவதை நிறைவேற்றினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது அதனால் வந்த வினை.

என் பெயர் ஆம்புரோஸ் காலப். எழுபத்தாறு வயது. போர்ட்லண்ட் கல் குவாரியில் கிரேன் ஓட்டினவன். பள்ளிக்கூடம் பதினைந்து வயதோடு சரி. சங்கத்துக்கு முப்பத்தொரு வருஷமாகச் சந்தா கட்டுகிறேன். அந்தந்த வருஷத்தின் மிகப் பெரிய திருக்கையைப் பிடித்தவனுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். வெள்ளி என்று அவர்கள் சொல்கிறார்கள், நான் சுரண்டிப் பார்த்ததில்லை. அதில் வரிசையாகப் பெயர் வெட்டியிருக்கும். என் பெயர் மட்டும் இல்லை. என் மனைவி நோரா கணப்பு அடுப்புக்கு மேலே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, வாரா வாரம் துடைக்கிறாள். ஒன்றும் பேசமாட்டாள். துடைப்பாள், அவ்வளவுதான். அதற்கு அவள் வாயைத் திறந்தே திட்டியிருக்கலாம்.

அந்தக் கோப்பையில் நாலு தடவை பெயர் உள்ளவன் சிரில் ஹாலெட். தபால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன், என் வயதுக்காரன். அவனுக்கும் எனக்கும் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் அவன் "கீழே!" என்றான், நான் இறங்கினேன். நல்ல திருக்கை. குனிந்தேன், அலை காலை வாரிவிட்டது, என் பூட்ஸ் மீன்மேல் இடித்தது, நரம்பு அறுந்தது. அன்று சாயங்காலமே சாராயக் கடையில் உட்கார்ந்து, "காலப் வேணும்னே உதைச்சுத் தள்ளினான்" என்று இருபது பேருக்கு நடுவே சொல்லியிருக்கிறான். நான் உதைக்கவில்லை. உதைத்திருந்தால் உதைத்தேன் என்று சொல்கிற ஆள் நான்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவன் நாயிடம் சொல்லிக்கொள்வோம். பிக்கிள்ஸ் என்று ஒரு குட்டைக்கால் நாய். அதற்குத் தெரியாத சங்க விவகாரம் கிடையாது.

போன அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்று நாலு மணியோடு வருஷப் போட்டி முடிவு. முன்னணியில் இருந்தவன் டாரன் என்கிற பயல். கார் விலைக்குத் தூண்டில் வாங்கி வைத்திருப்பவன். அவன் திருக்கை சிறகுக்குச் சிறகு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். முன்பெல்லாம் எடை போடுவோம். இப்போது அளந்து, படம் எடுத்து, திரும்பக் கடலில் விட வேண்டுமாம். மீனுக்கு வலிக்கும் என்கிறார்கள். அதன் வாயில் கொக்கி மாட்டினபோது வலிக்கவில்லையா, தெரியவில்லை.

தென்மேற்குக் காற்று. நல்ல காற்றில்லை, ஆனால் அதில்தான் திருக்கை கரையோரம் வரும். டாரன் வீட்டில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருப்பான் என்று தெரியும். மற்றவர்களும் வரவில்லை. மேடேறிப் பார்த்தால் கரை முழுக்க ஒரே ஓர் உருவம், பக்கத்தில் ஒரு குட்டை நாய். பேசாமல் வீட்டுக்கே திரும்பியிருக்கலாம். ஏனென்றால் எந்த மீன் பிடித்தாலும் சங்கத்து ஆள் ஒருத்தர் கண்ணால் பார்த்துச் போட்டி அட்டையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கையெழுத்து இல்லாமல் என் மீன் செல்லாது, என் கையெழுத்து இல்லாமல் அவன் மீன் செல்லாது. தள்ளிப் போய் உட்காரவும் முடியாது. நாற்பது கஜம் விட்டு என் முக்காலியை ஊன்றினேன். அவன் திரும்பிப் பார்த்தான். நாயைப் பார்த்துப் பேசினான், எனக்குக் கேட்கிற மாதிரி.

"பிக்கிள்ஸ், அந்தப் பக்கம் போகாத. அங்க உதை விழும்."

நான் கானாங்கெளுத்தித் துண்டையும் கணவாயையும் சேர்த்துக் கொக்கியில் கட்டினேன். கம்பிக் கால் வைத்த ஈயம் போட்டு எறிந்தேன். அது தரையைக் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். அவன் போட்டிருந்தது உருண்டை ஈயம். நீரோட்டம் அவன் பக்கமிருந்து என் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நாய் என் இறைச்சிப் பணியாரத்தின் வாசனைக்கு வந்து நின்றது. அதன் காதில் சொன்னேன், உரக்க.

"பிக்கிள்ஸ், உன் முதலாளிகிட்ட சொல்லு. உருண்டை ஈயம் உருண்டுக்கிட்டே என் இடத்துக்கு வருது. கம்பி ஈயம் வாங்கப் பென்ஷன் பத்தலையான்னு கேளு."

"பிக்கிள்ஸ், இங்க வா. கடலுக்குப் பட்டா வாங்கியிருக்காராம் ஒருத்தரு. பாத்து நட, வாடகை கேப்பாரு."

"பட்டா இல்லடா பிக்கிள்ஸ், புத்தி. புத்தி இருக்கறவன் அடுத்தவன் இரைப் பக்கம் தன் இரையை உருட்ட மாட்டான்."

"பணியாரத்த வாங்கித் தின்னுட்டு வந்துரு. பேச்சை மட்டும் வாங்கிக்காத, ஜீரணமாகாது."

நாய் பணியாரத்தில் பாதியைத் தின்றுவிட்டு அவனிடம் போய்விட்டது. அதுவும் அவன் வளர்ப்புதானே.

மூன்று மணிவரை ஒன்றுமில்லை. ஒரு நாய்ச்சுறாக் குட்டி, இரண்டு கொத்துப் பாசி. வானம் ஈயம் மாதிரி இருந்தது. காலியாகக் கிடக்கிற அந்த இடமும் நோரா கையில் துணியும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. மூன்றேகாலுக்கு என் கம்பின் நுனி இரண்டு தடவை தலையாட்டியது. நின்றது. அப்புறம் மெதுவாக, யாரோ கதவைத் திறக்கிற மாதிரி, வளைந்து கீழே போயிற்று. திருக்கைதான். அது இரைமேல் உட்கார்ந்து, சாவகாசமாக வாயில் போட்டுக்கொண்டு நகரும். நூறு எண்ணினேன். கம்பைத் தூக்கினேன்.

கனம் என்றால் அப்படி ஒரு கனம். ஈரச் சாக்கை அடியிலிருந்து பிடுங்குகிற மாதிரி. கிரேன் ஓட்டின கைக்கு எடை தெரியும். டாரனின் அறுபத்திரண்டு இதற்குத் தம்பி. ரீலைச் சுற்றினேன், பின்னால் நடந்தேன், மறுபடி சுற்றினேன். விநோதமாக அது நேரே வராமல் இடப்பக்கம் இழுத்தது. கால்மணி நேரம் ஆயிற்று. அலைக்குப் பின்னால் தண்ணீர் பழுப்பாகப் புரண்டது. இனி ஆள் வேண்டும். பதினோரு வருஷத்தையும் விழுங்கிக்கொண்டு, நெஞ்சு வலிக்கக் கத்தினேன்.

"கீழே!"

அதே நொடியில் அங்கிருந்தும் சத்தம் வந்தது. "கீழே!"

என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கம்பும் வில்லாக வளைந்திருக்கிறது.

"யோவ், கீழேன்னு கத்தறேன், காது கேக்கல?" என்றேன். நாயிடம் இல்லை, நேராக அவனிடம்.

"எனக்கும் மீன் மாட்டியிருக்குய்யா! நீ வா!"

"நான் முதல்ல கத்தினேன்!"

"நான்தான் முதல்ல கத்தினேன். உனக்கு எதுதான் நேரத்துக்குக் கேட்டிருக்கு!"

"என்னுது பெருசு!"

"பாக்காமலேயே பெருசா? என்னுது ஒரு கதவு சைஸு இருக்கு!"

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் சுற்றினோம். என் மீன் என்னை அவன் பக்கம் இழுத்தது, அவன் மீன் அவனை என் பக்கம் இழுத்தது. பக்கவாட்டில் நண்டு மாதிரி அவன் பத்தடி வந்தான், நான் பத்தடி போனேன். நாய் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக் குரைத்தது. கடைசியில் என் தோள் அவன் தோளில் இடித்தது. அவன் புகையிலை வாசனையைப் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் மூக்கில் வாங்கினேன். அப்போது ஒரு பெரிய அலை எழும்பி, அதன் வயிற்றுக்குள் எங்கள் மீனைத் தூக்கிக் காட்டியது.

ஒரே திருக்கை. வாயிலிருந்து இரண்டு நரம்பு.

இரண்டு பேரும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அது என் மீன்" என்றேன்.

"மஞ்ச நரம்பு தெரியுதா? அது என் நரம்பு."

"பக்கத்துல வெள்ளை நரம்பு தெரியலையா? கண்ணாடி போடு. என் இரையைத் தின்னுக்கிட்டிருந்த மீன் வாயில உன் உருண்டை ஈயத்தைக் கொண்டாந்து உருட்டி விட்டிருக்க! திருட்டுத்தனம்!"

"என் இரை உருண்டு வந்ததுனாலதான் அது உன் பக்கம் வந்துச்சு. நன்றி சொல்லு."

முதல் அலை திருக்கையைக் கல்வரை கொண்டுவந்து போட்டது. இருவரும் பின்னால் நடந்து இழுத்தோம். திரும்பிப் போகிற தண்ணீர் அதை வாரியெடுத்தது. ரீல் இரண்டும் அலறின. நரம்பு கல்லில் உரசுகிற சத்தம் பல்லுக்குள் கேட்டது. இன்னும் மூன்று தடவை, மிஞ்சினால் நாலு தடவை, அப்புறம் இரண்டு நரம்பும் அறும். யாராவது இறங்கியாக வேண்டும். இறங்க வேண்டுமென்றால் கம்பைக் கீழே போட வேண்டும். கம்பைப் போட்டால் ஏழாவது சட்டப்படி மீன் மற்றவனுக்கு. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"நீ இறங்கு" என்றான். "உன் கால் நீளம்."

"என் காலைப் பத்தி நீ ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நீ இறங்கு."

"உனக்கு முட்டி நல்லாருக்கு. எனக்குப் போன வருஷம்தான் ஆபரேஷன்."

"முட்டியை மாத்தினாங்கல்ல, புது முட்டி வேலை செய்யட்டும்."

"உன் சட்டம்தானய்யா இது! மேஜையைக் குத்தினியே, ஞாபகம் இருக்கா? டம்ளர் கூட உடைஞ்சுதே!"

"சட்டம் சரியான சட்டம்தான். மீன்தான் தப்பா மாட்டியிருக்கு."

இரண்டாவது அலை. இழுத்தோம், போயிற்று. அவன் நரம்பில் இரண்டு இழை பிரிந்து பஞ்சு மாதிரி நின்றதை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"சரி" என்றான் அவன். "மூணு எண்ணுவோம். மூணுல ரெண்டு பேரும் கம்பைப் போட்டுட்டு ஒண்ணா இறங்குவோம். அப்ப யாருக்கும் இல்ல, ரெண்டு பேருக்கும்."

"நீ எண்ணு."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

யாரும் போடவில்லை.

"போடலையே நீ" என்றான்.

"நீ போட்டியா?"

"நீ போடறியான்னு பாத்தேன்."

"நானும் அதைத்தான் பாத்தேன். இப்ப நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு."

மறுபடி இருவர் கையிலும் கம்பு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். சிரிக்கிறவன் பிடி தளரும்.

அப்போதுதான் மூன்றாவது அலை வந்தது. முந்தின இரண்டையும்விடப் பெரியது. அவன் ஓரடி முன்னால் போனான். எதற்குப் போனான்? அது எனக்கு இன்றுவரை தெரியாது. அலை அடித்துத் திரும்பியது, அவன் காலுக்கு அடியிலிருந்த கல்லெல்லாம் ஓட ஆரம்பித்தது, ஹாலெட் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனான். கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தபடி. வாயைத் திறந்தான். "கீழே" என்று கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. அவன் சொன்னது வேறு வார்த்தை, அதை எழுத முடியாது.

அந்த இழுவையில் போனவர்களை எனக்குத் தெரியும். அடுத்த அலை மேலே விழும், கல்லும் சேர்ந்து விழும், எழுந்திருக்க விடாது. நாய் ஊளையிட்டது.

நான் கம்பைப் போட்டேன்.

யோசித்துப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். கம்பை விட்டது என் கைதான். நாலு எட்டில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அவன் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தேன். அலை மேலே வந்தது. இருவரும் உள்ளே. வாயெல்லாம் உப்பு, பூட்ஸெல்லாம் கல். குதிகாலை ஊன்றி, கிரேன் மாதிரி பின்னால் சாய்ந்தேன். தொப்பி கிழியவில்லை. அந்தக் கோட்டைத் தைத்தவன் நன்றாக இருக்க வேண்டும். அலையே எங்களைத் தள்ளி மேலே கொண்டுவந்து போட்டது, இரண்டு மூட்டை மாதிரி. பின்னாலேயே இன்னொன்றும் வந்து என் முழங்காலில் பொத்தென்று மோதியது. முள் முள்ளாக முதுகு. தண்ணீர் திரும்புகிறபோது அதுவும் திரும்பப் பார்த்தது. என் காலை அதற்குக் கீழ்ப்பக்கம் குறுக்கே வைத்தேன். கல்லெல்லாம் ஓடிற்று. திருக்கை நின்றது.

அடுத்த அலைக்கு முன்னால் நாய் ஹாலெட்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது, நான் தொப்பியைப் பிடித்து இழுத்தேன், திருக்கையின் வாலை எப்படியோ இன்னொரு கையில் பிடித்திருந்தேன். காய்ந்த கல்லில் நாலு பேரும் கிடந்தோம். ஹாலெட் கையில் கம்பு அப்படியே இருந்தது. என்னுடையது கரையோரம் அலையில் முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருந்தது.

அவன் இருமினான், ஒரு குவளை கடல் துப்பினான். திருக்கையைப் பார்த்தான். அதற்குக் கீழ்ப்பக்கம் இன்னும் குறுக்கே இருந்த என் பூட்ஸைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"காலப்" என்றான்.

"என்ன?"

"அன்னிக்கு நீ உதைக்கல."

"அதைத்தான் பதினோரு வருஷமா உன் நாய்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

மேட்டின் உச்சியில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. பெரில், சங்கச் செயலாளர். முன்னாள் பள்ளிக்கூடத்து ஆசிரியை, கிழவர்களையும் பையன்களாகத்தான் நடத்துவார். நாலு மணிக்கு அட்டைகளை வாங்கிப் போட்டியை மூட வந்திருந்தார். கையில் அளவுப் பலகை, கழுத்தில் விசில். மேலேயிருந்து கல் சரியச் சரிய ஓடிவந்தார்.

"ரெண்டு பேரும் நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க! என்ன, கடைசியில அடிச்சுக்கிட்டீங்களா?"

"மீன் பிடிச்சோம்" என்றான் ஹாலெட்.

"பிடிச்சோமா? நீங்க ரெண்டு பேருமா? மணி என்ன ஆச்சுன்னு பாக்கறேன், உலகம் முடிஞ்சிருக்கும்." பார்த்தார். "நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. செல்லும்."

திருக்கையைப் பலகையில் வைத்தோம். நான் குனிந்து முகத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அடுத்தவர் அளந்து சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை. அறுபத்தேழு. இரண்டு தடவை பார்த்தேன், பலகை நேராகத்தான் இருந்தது. டாரன் காலி. என் வாய்க்குள் உப்பையும் மீறி ஒரு இனிப்பு வந்தது.

"நல்ல மீன்" என்றார் பெரில். "யாருது?"

"அவனுது" என்றான் ஹாலெட், என்னைக் காட்டி.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. நாலு தடவை கோப்பை வாங்கின ஆள், ஒரு மீனைச் சும்மா தூக்கிக் கொடுப்பானா? இன்று கொடுத்தால் சாகிறவரை சொல்லிக் காட்டுவான். காலப் வீட்டில் இருக்கிற கோப்பை நான் போட்ட பிச்சை என்பான். சாராயக் கடையில் இருபது பேருக்கு நடுவே சொல்வான், அந்த வாயை எனக்குத் தெரியாதா?

"என்னுது இல்ல" என்றேன். பலகையைப் பார்க்காமல் சொன்னேன். "நான் கம்பைப் போட்டுட்டேன். அவன் போடல. ஏழாவது. அவன் பேரை எழுதுங்க."

"அடச்சீ, என்னைக் காப்பாத்தத்தான அவன் கம்பைப் போட்டான்! மீனைக் கல்லேத்தினதும் அவன்தான். எழுதுங்க பெரில், ஆம்புரோஸ் காலப்."

"எழுதாதீங்க. சட்டத்துல காப்பாத்தறதைப் பத்தி ஒண்ணும் போடல."

"போடாதது உன் தப்புய்யா! நீ எழுதின சட்டம்தான!"

"நாலுக்கு ஆறு நிமிஷம்" என்றார் பெரில். "பதினோரு வருஷம் உங்களைப் பேச வைக்க நானும் சங்கமும் என்னென்னவோ பண்ணினோம். இப்ப வாயை மூட வைக்கத் தெரியல." இடுக்கியை எடுத்துத் திருக்கையின் வாயைத் திறந்தார். உள்ளே ஆழத்தில் ஒரு கொக்கி, உதட்டோரம் ஒரு கொக்கி. "வெள்ளை நரம்பு உள்ள. மஞ்ச நரம்பு ஓரத்துல. அதாவது காலப் இரையை முதல்ல தின்னுச்சு, ஹாலெட் இரையை அப்புறம் தின்னுச்சு. கம்பு கடைசிவரை ஹாலெட் கையில. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. ரெண்டு பேர் பேரையும் எழுதறேன். ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி. மறுத்துப் பேசறவர் அடுத்த வருஷம் முழுக்க டீ போடணும்."

"ரெண்டு பேரு ஒரு கோப்பையிலயா?" என்றேன். "அப்படி நடந்ததே இல்ல."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கல்லுல உக்காந்ததும் நடந்ததே இல்ல."

"யார் பேரு முதல்ல?"

"அகர வரிசை. ஆம்புரோஸ் முன்னாடி வரும்."

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்த்தேன், முடியவில்லை. ஹாலெட் என் அட்டையில் கையெழுத்துப் போட்டான். நான் அவன் அட்டையில் போட்டேன், முதலில் என் அட்டையில் அவன் போட்டது அவன் கையெழுத்துதானா என்று பார்த்துவிட்டு. விரலெல்லாம் ஈரமாக இருந்தும் மை ஊறவில்லை, அது நல்ல பேனா. கொக்கிகளை எடுத்தார் பெரில். திருக்கையை ஹாலெட்டும் நானும் ஆளுக்கொரு சிறகாகப் பிடித்துத் தண்ணீரில் விட்டோம். வெண்ணெயில் வறுத்தால் நோராவுக்கு மூன்று நாளைக்கு வரும். அது போயிற்று, ஒரு நன்றிகூட இல்லாமல்.

என் கம்பை அலையிலிருந்து எடுத்தேன். ரீலுக்குள் பருக்கைக் கல். சாமான்களைக் கட்டும்போது மனசு அரித்தது. ஒருத்தன் வழுக்கி விழுந்தால் கை தரையைத்தான் தேடும். குழந்தை விழுந்தாலும் அப்படித்தான், குதிரை விழுந்தால்கூட முன்னங்காலைத்தான் நீட்டும். இவன் கை இரண்டும் கம்பில் இருந்தது. தலைக்கு மேலே, ஜம்மென்று.

அவனிடம் போய் நேராகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. வேணும்னேதான விழுந்த? நான் கம்பைப் போடுவேன்னு தெரிஞ்சு?"

அவன் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான்.

"டேய் கிழவா! புது முட்டியோட, அக்டோபர் தண்ணியில, உன்னை நம்பியா விழுவேன்? பதினோரு வருஷமா உதைச்சவன்னு சொன்ன ஆளை நம்பி?"

"அப்ப ஏன் கம்பை விடல?"

"விழும்போது ஏழாவது சட்டம் ஞாபகம் வந்துச்சு."

"விழும்போதா, விழறதுக்கு முன்னாடியா?"

பெரில் தலையில் அடித்துக்கொண்டார். ஹாலெட் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்த முடியாமல் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். "வழுக்கிருச்சுய்யா! சத்தியமா வழுக்கிருச்சு! வாய்யா, கார்ல சூடா டீ இருக்கு, கொஞ்சம் ரம்மும் இருக்கு. நாளைக்கும் இங்கதான் வருவேன், நீயும் வா."

சிரிக்கிறவன் சத்தியத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. ரம்மை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு வந்தவன் நனையப் போகிறோம் என்று தெரிந்து வந்தவனாகவும் இருக்கலாம். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது, பூட்ஸுக்குள் கடல் சளசளக்கிறது. பின்னாலிருந்து அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் திரும்பவில்லை. நாற்பது வருஷம் இந்தக் கல்லில் நின்றவன், அலை எப்போது வாரும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவன், சரியாக அந்த மூன்றாவது அலையில் ஓரடி முன்னால் வைப்பானா? வழுக்கினானாம்.